அப்புறம் என்ன ஆச்சு?

எனக்கு முடக்குவாதம் என்னும் மூட்டு நோய் என்று உறுதியான அன்று ராத்திரி 2 மணிக்குக் கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். மருந்துச் சீட்டில் மெத்தோட்ரெக்ஸேட் என்று எழுதியிருந்தது. தேடினால் முதலில் வந்தது 'புற்றுநோய் மருந்து' என்ற விளக்கம். அதற்குக் கீழே முடி கொட்டியவர்கள், கல்லீரல் பாதித்தவர்கள், பயந்துபோய் பாதியில் நிறுத்தியவர்கள் என்று வரிசையாக. ஒரு நோயாளிக் குழுவில் யாரோ சில வருடங்களுக்கு முன்னால் கேட்டிருந்த கேள்வி இன்னும் அப்படியே மனதில் இருக்கிறது: "மூணு வாரமா போடறேன், குமட்டல் நிக்கவே இல்லை, விட்டுடலாமா?" பலர் ஆறுதல் சொல்லியிருந்தார்கள், இரண்டு பேர் விட்டுவிடச் சொல்லியிருந்தார்கள். கேட்டவர் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவே இல்லை. விட்டாரா, தொடர்ந்தாரா, இப்போது எப்படி இருக்கிறார், ஒன்றும் தெரியாது.

நான் அந்த வாரம் மாத்திரை அட்டையைப் பிரிக்கவில்லை. அடுத்த வாரமும் பிரிக்கவில்லை. இப்படியே 7 வாரம் போனது. என் வலது நடுவிரல் இன்று முழுதாக மடங்குவதில்லை. அந்த 7 வாரம்தான் அதற்குக் காரணம் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் அந்த விரலைப் பார்க்கும்போதெல்லாம் முடிவு தெரியாத அந்தக் கேள்விதான் ஞாபகம் வருகிறது.

மருத்துவரிடம் போய் ஒத்துக்கொண்டேன். அவர் கோபப்படாமல் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். புற்றுநோய்க்குக் கொடுக்கும் அளவு வேறு, மூட்டுக்குக் கொடுப்பது அதில் மிகச் சிறிய பங்கு, வாரத்துக்கு ஒரே ஒரு நாள், கூடவே பக்கவிளைவைக் குறைக்க ஃபோலிக் அமிலம் என்னும் வைட்டமின் மாத்திரை, குறிப்பிட்ட இடைவெளியில் ரத்தப் பரிசோதனை, பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். இதில் ஒரு வரிகூட ரகசியம் இல்லை, எல்லாம் இணையத்திலேயே இருக்கிறது. ஆனால் பயந்துபோனவர் கண்ணில் அது படாது. படுவது இன்னொரு பயந்துபோனவரின் கேள்விதான்.

அப்புறம் நானே ஒரு நோயாளிக் குழுவில் சேர்ந்து, கொஞ்ச நாளில் அதைப் பார்த்துக்கொள்பவர்களில் ஒருவராகவும் ஆனேன். 6 வருடம் ஆகிறது. அங்கே முதல் வருடமே எனக்குப் புரிந்த விஷயம் இதுதான்: குழுவில் குவிந்து கிடப்பது எல்லாம் தொடக்கங்கள். வலி அதிகமான அன்று எழுதுகிறார்கள், மருந்து மாற்றிய அன்று எழுதுகிறார்கள், ரிப்போர்ட் வந்த ராத்திரி எழுதுகிறார்கள். சரியானவர்கள் வேலைக்குப் போகிறார்கள், குழந்தைகளைத் தூக்குகிறார்கள், குழுவை மறந்துவிடுகிறார்கள். அவர்கள் மீது தப்பே இல்லை, நோயை மறந்து இருக்க முடிவதுதானே எல்லோரும் வேண்டுவது. ஆனால் அடுத்து ராத்திரி 2 மணிக்கு வந்து தேடுபவருக்குக் கிடைப்பது முழுக்க முழுக்கப் பயமும் வலியும் மட்டும்.

அதனால் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டேன். யார் என்ன கேட்டார்கள், எந்தத் தேதி. 3 வாரம் கழித்து ஒருமுறை, 3 மாதம் கழித்து ஒருமுறை, அதே இடத்தில், எல்லோரும் பார்க்கிற மாதிரி, ஒரே வரி: "அப்புறம் என்ன ஆச்சு?"

பெரும்பாலானவர்கள் ஒரு நாளுக்குள் பதில் போட்டார்கள். யாரோ ஒருவர் தன்னை நினைவில் வைத்திருந்தார் என்பதே அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. பதில்களும் நான் நினைத்த மாதிரி இல்லை. குமட்டலுக்கு மாத்திரையை இரவு போட்டுப் பார்த்துச் சரியானவர்கள், மருத்துவரிடம் சொல்லி ஊசிக்கு மாறியவர்கள், உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாமல் வேறு மருந்துக்குப் போனவர்கள், ஒன்றுமே செய்யாமல் 2 மாதத்தில் குமட்டல் தானாகப் போனவர்கள் என்று எல்லாம் கலந்து வந்தது. இந்தக் கலவை முக்கியம். 'எல்லாம் சரியாகிவிடும்' என்று சொல்லும் குழுவும் ஆபத்துதான், 'இந்த மருந்து விஷம்' என்று சொல்லும் குழுவைப் போலவே. பதில் வந்ததும் பழைய கேள்வியின் தலைப்பிலேயே 'முடிவு கீழே' என்று சேர்த்துவிடுவோம், கேட்டவரின் சம்மதத்தோடு. இதற்கு எந்தத் தொழில்நுட்பமும் தேவைப்படவில்லை, ஒரு நோட்டும் காலண்டரும் போதும்.

இதைப் பெரிய அளவில் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நிஜ உதாரணம் இருக்கிறது. ஸ்டீபன் ஹேவுட் என்பவருக்கு 1998-ல், 29 வயதில், ஏ.எல்.எஸ் என்னும் நரம்பு நோய் வந்தது. தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய் அது. அவருடைய சகோதரர்களும் ஒரு நண்பரும் சேர்ந்து 2004-ல் பேஷண்ட்ஸ்லைக்மீ என்ற தளத்தைத் தொடங்கினார்கள். நோயாளிகள் அங்கே கதை மட்டும் சொல்லவில்லை, என்ன மருந்து, எவ்வளவு, இந்த மாதம் நடை எப்படி, பேச்சு எப்படி என்று எண்களாகப் பதிந்தார்கள். 2008-ல் இத்தாலிய ஆய்வாளர்கள் லித்தியம் என்ற மருந்து இந்த நோயின் வேகத்தைக் குறைக்கிறது என்று ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள், மொத்தம் 44 பேர், அதில் லித்தியம் எடுத்தவர்கள் 16 பேர் மட்டுமே. உயிருக்குப் போராடுபவர்கள் காத்திருப்பார்களா? பலர் தங்கள் மருத்துவர் வழியாக லித்தியம் எடுக்கத் தொடங்கினார்கள். எடுத்ததை, எடுத்த பிறகு நடந்ததை, மாதாமாதம் பதிந்தார்கள். அப்படி எடுத்த 149 பேரை, அதே மாதிரி நோய்ப் போக்கு கொண்ட, லித்தியம் எடுக்காத 447 பேரோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் 12 மாதம் கழித்தும் வித்தியாசம் இல்லை. 2011-ல் அது ஒரு முன்னணி அறிவியல் இதழில் வந்தது. பின்னால் நடந்த முறையான சோதனைகளும் அதையேதான் சொன்னன. மருந்து பலிக்கவில்லை என்பது அவர்களுக்கு எவ்வளவு கசப்பான செய்தியாக இருந்திருக்கும் என்று நினைத்தால் மனது கனக்கிறது. இருந்தாலும் கடைசி வரை பதிந்தார்களே, அதனால் அடுத்து வந்தவர்கள் வீணான நம்பிக்கையில் ஒரு வருடத்தை இழக்கவில்லை.

சரி, எங்கள் குழுவுக்கு வருகிறேன். இந்த ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்லியும் பயனில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம், சேர்ந்து 4 நாள்கூட ஆகாத ஒரு பெண் எழுதினார்: "அக்கா, வாய் முழுக்கப் புண். தண்ணீர்கூட இறங்கலை. எதைத் தடவலாம்?" வரிசையாகப் பதில்கள், எல்லாம் அன்பாக, எதைத் தடவலாம் என்று. எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார், அதிகம் பேசமாட்டார். அவர் மட்டும் கேட்டார்: "மெத்தோட்ரெக்ஸேட் எந்தக் கிழமை போடறீங்கம்மா?"

"கிழமையா? தினமும் காலையில்தான்."

9 நாளாக. வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டிய மருந்தை, கூடவே இருந்த தினசரி ஃபோலிக் அமிலத்தோடு குழப்பிக்கொண்டு, தினமும் போட்டிருக்கிறார். வாய்ப்புண் என்பது அந்த மருந்து உடம்பில் அளவுக்கு மீறிப் போனதன் முதல் அடையாளங்களில் ஒன்று, அடுத்து ரத்த அணுக்கள் சரியும், உயிரே போகலாம். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகச் சொன்னோம், மாத்திரை அட்டையையும் சீட்டையும் கையில் எடுத்துக்கொண்டு, உள்ளே நுழைந்ததும் வாய்ப்புண் என்று சொல்லாமல் '9 நாளாகத் தினமும் மெத்தோட்ரெக்ஸேட் போட்டுவிட்டேன்' என்ற வாக்கியத்தைச் சொல்லச் சொன்னோம். சொன்னார். முறிவு மருந்தாக ஃபோலினிக் அமிலம் கொடுத்தார்கள், பல நாள் உள்ளேயே வைத்திருந்தார்கள். 3 வாரம் கழித்து நான் கேட்பதற்கு முன்னாலேயே அவரே வந்து முழுக் கதையையும் எழுதினார்.

இந்தத் தவறு புதிதல்ல. ஐரோப்பிய மருந்துகள் முகமை 2019-ல் இதற்காகவே, வாரம் ஒருமுறை என்ற எச்சரிக்கை மருந்து அட்டையிலும் பெட்டியிலும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தப் பெண்ணுக்கு நடந்ததிலிருந்து எங்கள் குழுவில் யார் இந்த மருந்தைத் தொடங்கினாலும் வரவேற்புக்கு அடுத்த வரியே "எந்தக் கிழமை?" என்பதுதான். பதிலாக ஒரு கிழமையின் பெயர் வர வேண்டும். 'டாக்டர் சொன்ன மாதிரி' என்று வந்தால் விடமாட்டோம். வீட்டில் யாராவது இதைப் போடுகிறார்கள் என்றால் சீட்டிலேயே கிழமையின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள், கைப்பேசியில் அந்தக் கிழமைக்கு மட்டும் அலாரம் வையுங்கள், மற்ற தினசரி மாத்திரைகளோடு ஒரே டப்பாவில் போடாதீர்கள்.

அந்தச் செவிலியர் செய்தது என்ன என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். எல்லோரும் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் ஒருவர்தான் கேள்வி கேட்டார். குழுவில் யாராவது ஒரு அறிகுறியைச் சொன்னால் உடனே எனக்கு என்ன உதவியது என்று கொட்டிவிடுகிறோம், அன்பால்தான். இப்போது எங்கள் பழக்கம், முதல் பதில் கேள்வியாக இருக்க வேண்டும் என்பது. எத்தனை நாளாக, வேறு என்ன மருந்து, காய்ச்சல் உண்டா, மருத்துவரிடம் சொன்னீர்களா.

இணையவழி மருத்துவ ஆவணங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் மருத்துவமனை நோயாளிகளுக்கு ஒரு போர்ட்டல் வைத்திருக்கிறது, அதில் ரத்தப் பரிசோதனை முடிவுகள், மருத்துவரின் குறிப்புகள் எல்லாம் பார்க்கலாம். ரொம்ப நாள் நான் முடிவுகளை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவேன். ஒருநாள் பொறுமையாக எல்லாப் பக்கங்களையும் திறந்து பார்த்தபோது 'ஒவ்வாமை' என்ற இடத்தில் சல்ஃபா மருந்து என்று இருந்தது. எனக்கு அப்படி ஒரு ஒவ்வாமை வாழ்க்கையில் வந்ததே இல்லை. என்றோ யாரோ தவறாகத் தட்டியது. அதன் விளைவு சின்னதில்லை: முடக்குவாதத்துக்கு அந்த சல்ஃபா வகையிலேயே சல்ஃபாசலசீன் என்று ஒரு பழைய, நன்கு தெரிந்த மருந்து உண்டு, அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு ஒரு வருடமாக எனக்கு அதை யோசிக்கவே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. திருத்தச் சொல்லி எழுத்தில் கேட்டேன், திருத்தினார்கள்.

இ-பேஷண்ட் டேவ் என்று உலகம் அறிந்த டேவ் டிபிராங்கார்ட்டுக்கும் இது நடந்தது. 2007-ல் அவருக்குச் சிறுநீரகப் புற்றுநோய், உடம்பில் பல இடங்களுக்குப் பரவிய நிலையில் தெரியவந்தது. அவருடைய மருத்துவரே அவரை ஏகார் என்ற இணைய நோயாளிச் சமூகத்துக்கு அனுப்பினார். அங்கே இருந்த நோயாளிகள் அதிக அளவு இன்டர்லியூக்கின்-2 என்ற சிகிச்சையையும், அதை அனுபவத்தோடு செய்கிற மருத்துவர்களையும் சொன்னார்கள், பக்கவிளைவுகளுக்கு எப்படித் தயாராவது என்றும் சொன்னார்கள். பிழைத்தார். 2009-ல் தன் மருத்துவமனை ஆவணங்களை அப்போது இருந்த கூகுள் ஹெல்த் சேவைக்கு மாற்றிப் பார்த்தபோது, அவருக்கு இல்லாத நோய்களெல்லாம் அதில் வந்து நின்றன. கட்டணத்துக்காகப் போட்ட குறியீடுகள் நோய்ப் பட்டியலாக மாறியிருந்தன. அவர் பார்த்ததால் தெரிந்தது.

ஆகவே வருடத்துக்கு இரண்டு முறை, உடம்பு நன்றாக இருக்கும் ஒரு நாளில், ஒவ்வாமை, இப்போதைய மருந்துகள், பழைய நோய்கள், இந்த மூன்று பக்கங்களையாவது வரி வரியாகப் படியுங்கள். நோயாளிகள் படித்தால் பயந்துவிடுவார்கள் என்று மருத்துவர்கள் தயங்கிய காலம் இருந்தது. அமெரிக்காவில் 2010-ல் ஓப்பன்நோட்ஸ் என்ற பெயரில் 105 மருத்துவர்கள் தங்கள் குறிப்புகளை நோயாளிகளுக்குத் திறந்து பார்த்தார்கள். ஒரு வருடம் முடிந்தபோது அதைத் தொடர வேண்டும் என்று விரும்பிய நோயாளிகள் 99 சதவீதம், நிறுத்திக்கொண்ட மருத்துவர் ஒருவர்கூட இல்லை. ஆனால் பரிசோதனை முடிவு மட்டும் மருத்துவருக்கு முன்னால் நம் கைக்கு வரும் காலம் இது. வெள்ளிக்கிழமை ராத்திரி முடிவு வந்தால் திங்கட்கிழமை வரை கேட்க ஆள் கிடைக்காது. நான் அந்த அறிவிப்பை நிறுத்தி வைத்திருக்கிறேன், காலையில் நானே போய்த்தான் திறப்பேன்.

வலி, விறைப்பு போன்றவற்றைத் தினமும் பதிவதில் நான் செய்த தப்பு, ஆரம்பத்தில் ஒரு செயலியில் 14 விஷயங்களைப் பதிய முயன்றது. 3 வாரத்தில் கைவிட்டேன். விரல் வீங்கியவருக்கு 14 கட்டங்களைத் தட்டுவதே ஒரு தண்டனை. இப்போது மூன்றுதான்: காலையில் விறைப்பு எத்தனை நிமிடம், வலி 10-க்கு எவ்வளவு, மருந்து தவறியதா. குரல் பதிவில் சொல்லிவிடுவேன், மருந்துப் பெயரை மட்டும் குரல்வழித் தட்டச்சு தப்பாக எழுதும், அதைக் கையால் திருத்த வேண்டும். மருத்துவரிடம் போகும்போது மூன்று மாதத்தையும் ஒரே பக்கமாக எடுத்துப் போவேன். அந்தப் பக்கத்தை முதல் தடவை பார்த்ததும் அவர் சொன்னது: "மூன்று தடவை வந்து 'பரவாயில்லை'ன்னு சொன்னீங்க. இதுல காலை விறைப்பு 90 நிமிஷம்னு இருக்கே." உண்மைதான். எதிரே உட்கார்ந்ததும் எனக்கு வாயில் வரும் ஒரே வார்த்தை பரவாயில்லை என்பதுதான். அன்றுதான் மருந்தின் அளவைக் கூட்டினார்.

காணொளி வழியாகப் பார்க்கும்போது இது இன்னும் முக்கியம். மதியம் 3 மணிக்கு நேரம் கொடுப்பார்கள், அதற்குள் வீக்கம் பாதி இறங்கியிருக்கும். அதனால் காலை எழுந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில், இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு படம். பாதத்துக்கும் ஒன்று. பாதத்தை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், நோயின் தீவிரத்தைக் கணக்கிட மருத்துவர்கள் அதிகம் பயன்படுத்தும் 28 மூட்டுக் கணக்கில் கை, மணிக்கட்டு, முழங்கை, தோள், முழங்கால் உண்டு, கணுக்காலும் பாதமும் இல்லை. எனக்கு வலியெல்லாம் பாதத்தில். கணக்கு நன்றாக இருக்கிறது என்றார்கள், நான் படியிறங்க முடியாமல் இருந்தேன். இதை எனக்குச் சொன்னது குழுவில் இருந்த இன்னொரு நோயாளி.

அந்தரங்கம் பற்றி எத்தனை தடவை சொன்னாலும் போதாது. மூடிய குழு என்றால் பாதுகாப்பு என்று எல்லோரும் நம்புகிறார்கள். 2018-ல் ஃபேஸ்புக்கில், மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ மரபணு மாற்றம் உள்ள பெண்களின் மூடிய குழுக்களில் இருந்தவர்களின் பெயர்ப் பட்டியலை வெளியாட்கள் எடுக்க முடியும் என்பதை அந்தக் குழுவைச் சேர்ந்த ஒரு பெண்ணே கண்டுபிடித்தார். அந்தக் குழுவில் பெயர் இருப்பதே அவருடைய மரபணுவைச் சொல்லிவிடுமே. எங்கள் குழுவில் புனைபெயர், தனி மின்னஞ்சல். ரிப்போர்ட்டைப் படம் எடுத்துப் போடுகிறவர்கள் பெயரை மட்டும் மறைக்கிறார்கள், மூலையில் இருக்கும் நோயாளி எண்ணையும் பார்கோடையும் விட்டுவிடுகிறார்கள். படமே வேண்டாம், தேவையான இரண்டு எண்களைத் தட்டச்சு செய்தால் போதும் என்று சொல்லிவிட்டோம்.

புதிதாக வருகிறவர்களைத் தனிச் செய்தியில் பிடிப்பவர்கள் எல்லாக் குழுவிலும் உண்டு. 'நானும் உங்களைப் போலத்தான் கஷ்டப்பட்டேன், எல்லா மருந்தையும் நிறுத்திவிட்டேன், இதை வாங்கிப் பாருங்கள்' என்று வரும். கேட்பதற்கு நம் கதை மாதிரியே இருப்பதுதான் அதில் கொடுமை. சேர்ந்த அன்றே நாங்கள் சொல்லிவிடுவோம்: மருந்தை நிறுத்தச் சொல்லித் தனியாக யார் எழுதினாலும் அதை அப்படியே எங்களுக்கு அனுப்புங்கள். உரையாடும் செயற்கை அறிவுச் செயலிகள் தரும் பதிலை ஒட்டுவதையும் இப்போது அனுமதிப்பதில்லை. மருத்துவரிடம் கேட்கக் கேள்விகளைத் தயாரிக்க அதைப் பயன்படுத்துங்கள், நானும் பயன்படுத்துகிறேன், ஆனால் அனுபவம் என்று ஒருவர் எழுதும் இடத்தில் யாரும் அனுபவிக்காத ஒன்று வந்து உட்காரக் கூடாது.

இந்த வாரம் என் நோட்டில் 5 பேர். ஊசிக்கு மாறியவர் ஒருவர், கர்ப்பத்துக்குத் தயாராவதால் மருத்துவர் மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்தச் சொன்னவர் ஒருவர், இரண்டு பேர் இன்னும் முடிவு சொல்லாத பழைய கேள்விக்காரர்கள், கடைசியாக ஒருவர் "நான் மட்டும்தானா இப்படி?" என்று மட்டும் எழுதிவிட்டுப் போனவர். வாய்ப்புண்ணோடு வந்தாரே அந்தப் பெண், இப்போது அவரிடமும் ஒரு நோட்டு இருக்கிறது, பட்டியலில் பாதியை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். கடைசி ஆளை நான் கேட்கிறேன் என்று நேற்றே எடுத்துக்கொண்டார்.